மாலை நேர மின்தேவையும் சூரிய ஒளி வீடும்

நாம் பார்வையிடச் செல்லும் நெசவாளர் சங்கங்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி ஒரு குறையைக் கூறுகின்றனர்: “மாலை ஆறு மணியானால் விளக்கு மங்குகிறது, விசைத்தறி தளர்கிறது.” 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் தடைப்பட்டபோது, நெய்த அளவுக்கே கூலி பெறும் குடும்பங்கள் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, மின்சாரத்தை எவ்வளவு செலவிடுகிறோம் என்பதோடு, எவ்வேளையில் செலவிடுகிறோம் என்பதையும் ஆராய்தல் அவசியமாகும்.

உச்ச நேரம்

மின்சாரம் நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்கத்தக்க பண்டமன்று. அதன் பெரும்பகுதி, வேண்டும் கணத்திலேயே உற்பத்தியாக வேண்டும். மாலை 6 முதல் 10 மணி வரை வீடுகளிலெல்லாம் விளக்கும் விசிறியும் ஒருங்கே ஓடுகின்றன. அந்தச் சில மணி நேரத்தைச் சமாளிப்பதற்காகவே கூடுதலான மின்நிலையங்களும் மின்மாற்றிகளும் வேண்டியிருக்கின்றன. அச்செலவு முடிவில் நம் அனைவர் மீதும் விழுகிறது.

தகடு மட்டும் போதுமா?

ஓர் அங்கத்தினர் கடன் பெற்றுக் கூரையில் சூரியத் தகடு அமைத்தார். மின் கட்டணம் குறைந்தது. ஆயினும் மாலையில் விளக்கு முன்போலவே மங்கியது கண்டு வியந்தார். இதில் வியப்பில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆனால் அதன் வலிமை நண்பகலில்தான். மாலை ஆறு மணிக்கு அது ஏறத்தாழ ஓய்ந்துவிடும். மேலும், மின்கலம் இல்லாமல் பொதுக் கம்பியுடன் இணைத்த தகடு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும்.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் இங்கு நினைவுகூரத் தக்கது. 300 சதுர அடி வீட்டிற்குச் சிக்கனமான ஐந்து சூரிய ஒளி விளக்குகள் வகுக்கப்பட்டன. தேவை சிறிதானால் சிறிய தகடும் மின்கலமும் கொண்டே இரவைக் கடக்கலாம் என்பது இதன் படிப்பினை.

செய்ய வேண்டிய முறை

முதலாவது, தேவையைக் குறைத்தல். பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். பழைய குழல்விளக்கு சோக்குடன் 50 வாட், எல்.ஈ.டி. குழல்விளக்கு 20 வாட். இரண்டு விசிறி, இரண்டு விளக்கு மாற்றிய வீட்டில் 250 வாட் 100 ஆகக் குறைகிறது. 200 வீடுகள் இவ்வாறு செய்யின் மாலையில் 30 கிலோவாட் மிச்சம்! இது 100 கே.வி.ஏ. மின்மாற்றியின் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெப்பம் தணிந்து விசிறியின் வேலையும் குறையும்.

இரண்டாவது, வேளையை மாற்றுதல். தார் சுற்றுதல், மாவரைத்தல், தொட்டிக்கு நீரேற்றுதல், துணி தேய்த்தல் ஆகியவற்றைக் காலை 10 முதல் பிற்பகல் 3 மணிக்குள் முடிக்கலாம். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் விவசாயிகளும், இயன்றவரை பகலிலேயே மோட்டாரை ஓட்டுதல் நலம்.

மூன்றாவதாகவே தகடு. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நன்று. தூசியை அவ்வப்போது கழுவ வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000 என மானியம் வகுக்கப்பட்டது. முன்னரே தேவையைக் குறைத்தவருக்குச் சிறிய தகடே போதும், கடனும் சிறிதாகும்.

சங்கத்தின் கடமை

ஒரு வீடு மட்டும் சிக்கனமாக இருந்தால் தெருவின் மின்மாற்றிக்குச் சுமை குறையாது; ஊர் முழுவதும் சேர்ந்தால் குறையும். கூட்டுறவின் பொருளும் அதுவே. அடுத்த பொதுச்சபைக் கூட்டத்திற்கு முன், ஒவ்வொருவரும் தம் வீட்டில் மாலை ஏழு மணிக்கு எரிவன, ஓடுவன யாவை எனக் குறித்து வருவார்களாக. அக்குறிப்புகளைக் கொண்டு, விசிறிகளையும் விளக்குகளையும் மொத்தமாக வாங்குவது பற்றிச் சங்கம் தீர்மானிக்கலாம்.