பெயர்ப் பட்டியலில் யார் இருக்கலாம்?

மார்கழி 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் முதல் பதினேழு வசனங்கள் வாசிக்கப்படும். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். வாசிப்பவர் தடுமாறுவார், கேட்பவர் கண்ணயர்வார். மறையுரையில் அதைத் தொடாமலே விட்ட ஆண்டுகள் எனக்கும் உண்டு.

இத்தகைய தலைமுறை அட்டவணைகள் எதற்காக எழுதப்பட்டன? காணி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்கு விடை விரைவில் விளங்கும். பண்டைய இஸ்ரயேலில் நிலம் குலத்தின்படியும் குடும்பத்தின்படியுமே பங்கிடப்பட்டது. பெயர் இல்லையேல் பங்கும் இல்லை. ஆண்பிள்ளையின்றி இறந்த செலோபுகாதின் ஐந்து பெண்மக்களும் மோசே முன்னும் சபையார் முன்னும் வந்து நின்றது இதற்காகத்தான் (எண்ணிக்கை 27). மகன் இல்லை என்பதற்காகத் தந்தையின் பெயர் அழியலாமா, எங்களுக்கும் காணி வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே என ஆண்டவர் தீர்ப்பளித்தார். சொந்தக் குலத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்ற நிபந்தனை 36ஆம் அதிகாரத்தில் வந்து சேர்ந்தது வேறு கதை!

கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்து மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி.மு. 538இல் சைரசு மன்னன் அனுமதி கொடுத்த பின் ஊர் திரும்பியோரில் சில குரு குடும்பங்கள் தங்கள் பதிவேட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் குருப்பணியிலிருந்து விலக்கப்பட்டனர் (எஸ்ரா 2:62). இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. குறிப்பேடு முதல் நூலின் ஒன்பது அதிகாரங்கள் பெயர்களால் நிறைந்திருப்பதும் இப்படிச் சிதறித் திரும்பிய மக்களுக்காகவே.

ஆனால் உரிமையைக் காக்கும் பட்டியல் பிறரைத் தடுக்கும் மதிலாகவும் மாறும். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை ஆண்டவரின் சபையில் சேரலாகாது என்கிறது இணைச்சட்டம் 23. ரூத்து நூலின் முடிவிலுள்ள அட்டவணையைப் பாருங்கள். மோவாபியப் பெண்ணான ரூத்தின் மகன் ஓபேது. அவன் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது அரசர். பத்து வரை எண்ண வேண்டிய தேவையே இல்லை.

மத்தேயு இதை நன்கு அறிந்தவர். தம் கணக்கு பதினான்கு பதினான்காக அமைவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். ஆனால் தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் விடவில்லை. பத்சேபாவை ‘உரியாவின் மனைவி’ என்றே குறிக்கிறார். தாவீது செய்த அநியாயத்தை மறக்க அவர் இடம் கொடுக்கவில்லை. சாரா, ரெபேக்கா ஆகிய பெருமைக்குரிய அன்னையரின் பெயர்களை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.