ஒரே டிஸ்க்கை நம்பலாமா?

கேள்வி: அப்பா கேசட்டில் பதிவுசெய்த கச்சேரிகளைக் கணினிக்கு மாற்றி, ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். போதுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: போதாது. இன்னொரு டிஸ்க் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நகலெடுத்ததும் அதைக் கழற்றித் தங்கை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொடுத்துவையுங்கள். ஒரே பீரோவில் இருந்தால் வெள்ளம் வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். எஸ்எஸ்டி வேண்டாம், ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதில் பதிந்தது அழியக்கூடும்.

எம்பி3-ஆக மட்டும் மாற்றியிருக்கிறீர்களா? கேசட் இன்னும் ஓடுமானால் மறுபடி ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் பதியுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேரக் கச்சேரி, சுருக்காமல் வைத்தால் சுமார் 635 எம்பி. ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதிதான். ஒலியில் துளியும் குறையாது. இன்னொரு வசதி, பொதுவாக ஃபிளாக் கோப்புக்குள்ளேயே சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை இணைத்துச் சோதித்தால், எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். மற்ற டிஸ்க்கிலிருந்து நல்ல நகலை எடுத்துப் போடலாம்.

கேசட் அட்டையில் அப்பா கைப்பட எழுதிய ராகப் பட்டியலையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் சேருங்கள். எந்த சபா, எந்த ஆண்டு, மிருதங்கம் யார் என்பதற்கெல்லாம் அதுதான் சாட்சி.