கொள்ளை நோய் அறிவிப்பும் பொருளாதார இழப்பும்

1994-ம் ஆண்டு செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றியபோது, நாடு முழுவதிலும் அதனால் மாண்டோர் தொகை 60-ஐக்கூட எட்டவில்லை. ஆயினும் லட்சக்கணக்கான மக்கள் அந்நகரை விட்டு வெளியேறினர். வளைகுடா நாடுகள் சில விமானப் போக்குவரத்தை நிறுத்தின. ஏற்றுமதியும் சுற்றுலாவும் தளர்ந்தன. இழப்பு ஏறத்தாழ 200 கோடி டாலர் வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. போக்குவரத்துத் தடை எதனையும் உலகச் சுகாதார நிறுவனம் அப்போது பரிந்துரைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

பொருளியல் நோக்கில் இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரு நாடு தன் எல்லைக்குள் தோன்றிய நோயை உடனே அறிவித்தால் எச்சரிக்கை பெறும் பயன் உலகம் முழுவதற்கும் செல்கிறது. இழப்போ அறிவித்த நாட்டையே சார்கிறது. இந்நிலையில் மறைப்பதும் தாமதிப்பதும் அரசுகளுக்கு ஆதாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

1969-ம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார விதிகள் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. 1981-க்குப் பின் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்று நோய்களை மட்டுமே அவற்றின்படி அறிவிக்க வேண்டியிருந்தது. 2002-ம் ஆண்டு இறுதியில் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் தோன்றிய சார்ஸ் பட்டியலில் இல்லாத புதிய நோய். உலகம் அதனை அறிவதற்குள் மாதங்கள் கழிந்தன. எனவே 2005-ல் விதிகள் திருத்தப்பட்டன. சர்வதேச அளவில் கவலைக்குரியதாகலாம் எனக் கணிக்கப்படும் எந்நிகழ்ச்சியையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் கடமையாயிற்று. அரசு சாராத வழிகளில் கிடைக்கும் செய்திகளைக் கொண்டு அந்நாட்டிடம் விளக்கம் கேட்கவும் உலகச் சுகாதார நிறுவனம் உரிமை பெற்றது. மறைப்பது இதனால் கடினமாயிற்று. அறிவிப்பதால் வரும் இழப்பு குறைந்துவிடவில்லை.

2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஓமைக்ரான் வகைக் கிருமியைப் பற்றித் தெரிவித்தது. சில நாட்களுக்குள் பல நாடுகள் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வரும் விமானங்களுக்குத் தடை விதித்தன. அதே மாதம் 19-ம் தேதி நெதர்லாந்தில் எடுக்கப்பட்ட மாதிரியிலேயே அக்கிருமி இருந்தது பின்னர்த் தெரியவந்தது. பரிந்துரைக்கு மேற்பட்ட தடைகளை விதிக்கும் நாடு 48 மணி நேரத்துக்குள் காரணம் கூற வேண்டும் என்று விதி உண்டு. மீறினால் தண்டனை ஏதும் இல்லை.

2025 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம் வேறொரு வழியை நாடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், பங்குகொள்ளும் உற்பத்தியாளர்கள் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைப் பொருள்களில் 20 சதவீதத்தை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவதை இலக்காகக் கொள்ள வேண்டும்; அதில் பாதியேனும் நன்கொடை. கிருமி மாதிரியைத் தரும் நாடுகளுக்குக் கைம்மாறாக ஏதேனும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையே இதற்கு அடிப்படை. எனினும் 60 நாடுகள் உறுதி செய்த பின்னரே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

ஜெனீவாவில் காணப்படும் இக்குறை நம் மாவட்டங்களிலும் உண்டு. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் அடித்தள நிலையங்கள் அனுப்பும் எண்களையே நம்பியிருக்கிறது. வயிற்றுப்போக்கு மிகுந்துள்ளது என உண்மையை எழுதும் மருத்துவ அதிகாரிக்கு முதலில் வந்து சேருவது விளக்கம் கோரும் கடிதமானால், அடுத்த வாரம் அவர் எண் குறைந்துவிடும். ஆய்வுக் கூட்டங்களில் நோயாளிகளின் தொகையைக் குற்றமாகக் கருதாமல், முதல் நோயாளி வந்த நாளுக்கும் அறிக்கை அனுப்பிய நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்பது பயன் தரும்.