ஒரே சரக்கின்மேல் இரண்டு கடன்: முதல் பாத்தியதை யாருக்கு?

கடையில் சரக்கு அடுக்கியிருக்கிறது, நம் பாக்கி எங்கே போய்விடும் என்று மொத்த வியாபாரிகளில் பலர் நினைக்கிறோம். தல்லாகுளத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கீழமாசி வீதியிலிருந்து நான்கு லட்ச ரூபாய்க்குப் பருப்பும் எண்ணெயும் கடனுக்குப் போகின்றன. கடைக்காரர் முன்பே சரக்கை ஈடுகாட்டி வங்கிக் கடன் வாங்கியிருக்கிறார். இருக்கும் சரக்குக்கு மட்டுமல்ல, இனி வந்து இறங்கும் சரக்குக்கும் சேர்த்தே வங்கி எழுதி வாங்கியிருக்கும். ஆகவே நம் மூட்டை கடைக்குள் இறங்கியதும் வங்கியின் ஈடாகிவிடுகிறது. நம்மிடம் இருப்பது பில் மட்டுமே. பில் ஈடாகாது. ‘இங்குள்ள சரக்கு வங்கிக்கு ஹைப்பாதிகேஷன் செய்யப்பட்டது’ என்ற பலகை பல கடைகளில் உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் தேடினால் கிடைக்கும்.

நமக்குப் பலம் இருப்பது சரக்கு நம் கிட்டங்கியில் உள்ளவரைதான். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, கடன் தவணை கடந்தாலோ வாங்கியவர் நொடித்தாலோ, கையிலுள்ள சரக்கைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். நொடித்துப் போனவருக்கு அனுப்பிய சரக்கை வழியிலேயே நிறுத்தவும் உரிமை உண்டு. ஆனால் ரயில்வே ரசீதை முன்னதாகவே அவர் கையில் கொடுத்து, அவர் அதை விவரம் அறியாத ஒருவரிடம் நல்ல விலைக்கு விற்றுவிட்டால் அந்த உரிமை போய்விடும். அடகு வைத்திருந்தால் அடகு பிடித்தவருக்குப் பிறகே நமக்கு. ரசீதைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரக்கைக் கையில் வைத்திருப்பவருக்குச் சட்டம் எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பதற்குப் பீகார் சர்க்கரை வழக்கு நல்ல சான்று. பாங்க் ஆஃப் பிகாரிடம் அடகாக இருந்த சர்க்கரை மூட்டைகளை அரசு அதிகாரிகள் கைப்பற்றி விற்றார்கள். அந்தப் பணம் ஆலை கட்ட வேண்டிய அரசு பாக்கிக்குப் போயிற்று. 1971-ல் உச்ச நீதிமன்றம், அடகு பிடித்தவரின் பாக்கி தீர்ந்தபின் மிஞ்சுவதே மற்றவர்களுக்கு, அரசானாலும் சரி, என்று தீர்ப்பளித்தது.

நிலம், கட்டிடத்தில் நிலைமை வேறு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி முந்திய அடமானமே முந்தும். 78-ஆம் பிரிவு இதற்கு விலக்கு. முதலில் கடன் கொடுத்தவர் மோசடியாகவோ பெரும் அசட்டையாகவோ நடந்து, அதை நம்பி இன்னொருவர் கடன் கொடுக்க நேர்ந்தால், முந்தியவர் பிந்திவிடுவார். மூலப் பத்திரத்தை வாங்காமலோ, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தோ கடன் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய பழைய கடன் அதில் வராமல் போகலாம். 2011-ல் தொடங்கிய செர்சாய் மத்தியப் பதிவகத்திலும் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம்.

வரி பாக்கி இடையில் வந்தால் குழப்பம்தான். மாநிலச் சட்டம் விற்பனை வரிக்கு முதல் பாத்தியதை தந்திருந்தால், வங்கியின் முந்திய அடமானமும் அதற்குப் பின்தான் என்று 2000-லும் 2009-லும் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு சர்ஃபாசி சட்டத்தில் 26-இ பிரிவு சேர்க்கப்பட்டு, 2020 ஜனவரி 24 முதல் அமலுக்கு வந்தது. மத்தியப் பதிவகத்தில் ஈட்டைப் பதிவு செய்த வங்கிக்கு, திவால் சட்ட நடவடிக்கை நடக்கும் இடங்கள் நீங்கலாக, வரிக்கும் முன்னே இடம் கிடைக்கிறது. இந்த வரிசையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த நாம் வங்கிக்கும் வரிக்கும் பின்னால்தான் நிற்கிறோம். புதிய கடைக்காரருக்குப் பெரிய தொகைக்குப் பற்று எழுதும் முன், சரக்கு எந்த வங்கியில் ஈடாக உள்ளது, எவ்வளவுக்கு என்று கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை.