கூலர் லொறி எப்போது மலிவு? படுவான்கரை விவசாயிக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளியில் வெண்டி ஆயும் எவரிடமும் தம்புள்ளையில் இன்று வெண்டி கிலோ என்ன போகிறது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். அதை அங்கே கொண்டுபோகும் லொறிக்கு இந்தக் கிழமை என்ன ஹயர், போன மாதம் என்ன இருந்தது, வருகிற மாதம் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் பதில் வராது. காய் முற்றுகிற நேரத்தில்தான் லொறிக்கு ஆள் தேடுகிறோம். அப்போது சாரதி சொல்வதே விலை. மரக்கறி, பழம், இறால் என்று கெட்டுப்போகும் சாமானை ஊருக்கு வெளியே அனுப்புகிற எவரும் கூலியின் போக்கை முன்கூட்டியே கணிக்கப் பழகலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நமது பக்கம் ஓடும் குளிரூட்டிய லொறிகளின் கூலியை நமது கத்தரியும் பயற்றையும் தீர்மானிப்பதில்லை. நெல், மீன், மழை, பண்டிகை ஆகிய நான்கும்தான் தீர்மானிக்கின்றன. லொறி எந்தப் பக்கம் நிறைந்து வருகிறது, எந்தப் பக்கம் வெறுமனே திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆண்டை லொறிக்காரரின் கண்ணால் பாருங்கள்

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்போக அறுவடை. சாதாரண லொறிகள் எல்லாம் வயலடியில் நெல் மூடைக்கு நிற்கும். பொலநறுவை ஆலைகளுக்கு நெல் ஏற்றினால் பாரம் நிறையும், சாமான் பழுதாகும் பயமும் இல்லை. அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு உங்கள் பாகற்காய்க்கு வர எந்தச் சாரதிக்கும் மனம் வராது. கூலர் லொறியில் யாரும் நெல் ஏற்றுவதில்லை. ஆனாலும் அதன் கூலி ஏறும், ஏனென்றால் சாதாரண லொறி கிடைக்காதவர்கள் எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள்.

ஏப்ரலில் புத்தாண்டு. அதற்கு முந்திய கிழமை சந்தை சூடு, கூலியும் சூடு. பிறகு சாரதிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், சந்தை சில நாட்கள் படுத்துவிடும். 10ஆம் திகதிக்குப் பிறகு முற்றும்படி காயை வைத்திருக்காதீர்கள்.

மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். நமது கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். கொழும்பின் மீன் தேவைக்குப் பேலியகொடை மத்திய மீன் சந்தை கிழக்கை எதிர்பார்க்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்திலும் கல்முனைக் கரையிலும் மீன் ஏற்றவென்று கூலர் லொறிகள் மேற்கிலிருந்து வெறுமனே வந்து, நிறைந்து திரும்புகின்றன. எனவே வெளியே போகும் கூலி உயரும், உள்ளே வரும் கூலி தாழும். இதே காலத்தில்தான் சிறுபோக மரக்கறி தயாராகிறது. கச்சான் காற்று அனலாக வீசுவதும், காய்க்குக் குளிர் மிக அவசியமாவதும் இதே காலத்தில்தான். தேவையும் கூலியும் ஒன்றாக ஏறுகிற மாதங்கள் இவை.

நவம்பர் முதல் ஜனவரி வரை எல்லாம் தலைகீழ். வாடையில் நமது கடல் இரையும், மீன்பிடி குறையும். மேற்கிலும் தெற்கிலும் கடல் திறக்கும். கிழக்குச் சந்தைகளுக்கு மீனும் மலைநாட்டு மரக்கறியும் கொண்டுவரும் வண்டிகள் திரும்பிப்போக ஆள் தேடும். தாழ்நாட்டு மரக்கறி நாடு முழுவதும் குறைவதால் டிசம்பர், ஜனவரியில் விலையும் உச்சத்தில் இருக்கும். மேட்டுநிலத்தில், வடிச்சல் நன்றாக உள்ள காணியில், மழைக்குத் தாக்குப்பிடிக்கும்படி பயிர் வைத்திருப்பவருக்கு நல்ல விலையும் மலிவான கூலியும் ஒன்றாக அமையும் காலம் இது ஒன்றுதான். குறுக்கே நிற்பது வீதி. அதைப் பிறகு பார்ப்போம்.

கூலியைக் கிலோவுக்கு உடைத்துப் பாருங்கள்

சாரதி ஓட்டத்துக்கு ஒரு தொகை சொல்வார். அதை அப்படியே கேட்டு அதிகம், குறைவு என்று பேசுவதில் பயனில்லை. வெல்லாவெளியிலிருந்து தம்புள்ளை சுமார் 200 கிலோமீற்றர். கணக்குக்காக மட்டும் சொல்கிறேன்: சாதாரண லொறிக்கு 40,000 ரூபா, கூலர் லொறிக்கு 60,000 ரூபா என்று வையுங்கள். 2,000 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 20 ரூபா, 30 ரூபா. 1,000 கிலோ மட்டும் ஏற்றினால் 40 ரூபா, 60 ரூபா. அரை லொறி அனுப்புகிறவர் காற்றுக்கும் கூலி கொடுக்கிறார்.

இனி இழப்பைச் சேருங்கள். சாதாரண லொறியில் 2,000 கிலோவில் 400 கிலோ வாடி நசிந்து கழிவாகிறது, கூலரில் 100 கிலோ மட்டும் கழிகிறது என்று கொண்டால், கூலர் காப்பாற்றுவது 300 கிலோ. கிலோ 200 ரூபா விற்கும் நாளில் அது 60,000 ரூபா. மேலதிகமாகக் கொடுத்த 20,000 ரூபாவை எடுத்தாலும் 40,000 ரூபா மிச்சம். அதே காய் கிலோ 60 ரூபாவுக்கு இறங்கிய நாளில் காப்பாற்றியது 18,000 ரூபாதான், கூலர் நட்டம். இந்தக் கணக்கில் எல்லை 67 ரூபாவுக்கு அருகில் இருக்கிறது. உங்கள் காய்க்கு உங்கள் எல்லை எது என்று உங்கள் சொந்த இலக்கங்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை எல்லைக்குக் கீழே உள்ள நாளில் இரவோடு இரவாகச் சாதாரண லொறியில், காற்றோட்டமாக அடுக்கி அனுப்புவதே புத்தி.

சந்தை விலையை மத்திய வங்கியும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனமும் வெளியிடும் நாளாந்த விலைப்பட்டியலில் பாருங்கள். தரகர் சொல்வதை அதனோடு ஒப்பிடலாம். பயிர் சம்பந்தமான ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது.

டீசலையும் மறக்கவேண்டாம். மாத முடிவில் விலை திருத்தப்படுகிறது. குளிர் இயந்திரமும் டீசலைக் குடிப்பதால் கூலர் கூலி மற்றவற்றை விட வேகமாக ஏறும். 2022 ஜூன் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டது நினைவிருக்கும். மாதக் கடைசியில் ஓட்டம் பேசும்போது, விலை மாறினால் கூலி மாறுமா என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் காயைக் குளிர வையுங்கள்

கூலர் லொறியைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பது இதைத்தான். லொறியின் குளிர் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சாமானைக் குளிராக வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. உச்சி வெயிலில் ஆய்ந்த சூடான கத்தரியை அடுக்கிக் கதவை மூடினால் நடுக்கூடை தம்புள்ளை போய்ச் சேரும்வரை சூடாகவே இருக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் காயின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். அதுவே வாடலும் அழுகலும்.

எனவே விடியலில் ஆயுங்கள். ஆய்ந்ததை மரநிழலுக்குக் கொண்டுபோய், ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, இடையில் மணல் நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைக்கும் குளிர்ப்பெட்டி கட்டலாம். டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் உருவான முறை இது, மின்சாரம் தேவையில்லை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். நம்மை வாட்டும் கச்சான் காற்று இந்தப் பெட்டிக்கு மிகப் பொருத்தம். மாரியில் ஈரக்காற்றில் இதை நம்பாதீர்கள்.

அடுத்தது உரப்பை. வெண்டியை உரப்பைக்குள் திணித்து, வாயைத் தைத்து, ஏற்றும்போது நாட்டாமை மேலே ஏறி மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்டியின் மேல் பூனைமயிர்போல இருக்கும் சுணை உரசுப்பட்ட இடமெல்லாம் மறுநாள் கறுக்கும். கறுத்த வெண்டிக்குக் கமிசன் கடையில் முதலாளி விலை சொல்வதேயில்லை, கையால் ஒதுக்கிவிடுவார். 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது செலவுக்குப் பயந்து எதிர்ப்பு எழுந்தது, நியாயமும் இருந்தது. ஆனால் கூலர் லொறிக்கு உரப்பை உதவவே உதவாது. குளிர்காற்று புக வழி வேண்டும். பத்துப்பேர் சேர்ந்து கூடை வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள்.

எந்தச் சாமானுக்கு எவ்வளவு குளிர்

ஓட்டம் பேசும்போதே எத்தனை பாகையில் வைப்பார் என்று கேளுங்கள். வெண்டி, பச்சை மிளகாய்க்கு 7 முதல் 10 பாகை செல்சியஸ். கத்தரி, வெள்ளரிக்கு 10 முதல் 12. மாம்பழம், வாழைக்கு 13 அளவில். இதற்குக் கீழே போனால் குளிரே காயைக் கெடுக்கும். இறக்கும்போது நன்றாகத்தான் தெரியும், ஓரிரு நாள் கழித்து வாழைத்தோல் கறுக்கும், கத்தரியில் குழி விழும். ஓர் இரவு ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. சந்தை மூடியிருந்து லொறி இரண்டு நாள் நின்றுவிட்டால் தெரியும்.

மீனும் இறாலும் ஐஸின் குளிரிலேயே, 0 பாகைக்கு அருகில் இருக்கவேண்டும். மண்டூர்ப் பக்கத்து வாவி இறாலைத் தூர ஓட்டத்துக்கு அனுப்புபவர்கள் இறாலின் எடைக்குச் சமமான ஐஸ் போடுங்கள், உடைத்த ஐஸாக, அடுக்கடுக்காக. உருகிய தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். மீனுக்கும் கத்தரிக்கும் ஒரே லொறி என்றால் இருவரில் ஒருவருக்கு நட்டம் நிச்சயம். பழுத்த மாம்பழம், வாழை, பப்பாளி வெளியிடும் எதிலீன் வாயு வெண்டியையும் வெள்ளரியையும் மஞ்சளாக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்து அடுக்கவேண்டாம்.

சாரதியிடம் கேட்கவேண்டியவை

இது கூலர் பெட்டி மட்டுமா, குளிர் இயந்திரம் உள்ளதா? நமது பக்கம் கூலர் என்று வரும் பல வண்டிகள் வெப்பம் புகாத வெறும் பெட்டிதான், உள்ளே ஐஸ் போட்டால்தான் குளிர். மீனுக்கு அது போதும், மரக்கறிக்குப் போதாது. இயந்திரம் இருந்தால், அது வண்டி எஞ்சினில் ஓடுகிறதா, தனியாக ஓடுகிறதா? சிறிய லொறிகளில் பெரும்பாலும் வண்டி எஞ்சினோடுதான் ஓடும். தேத்தண்ணிக்கு நிறுத்தி எஞ்சினை அணைத்தால் குளிரும் நிற்கும். கடைசியாக என்ன ஏற்றினார்? மீன் என்றால், கழுவிக் காயவைத்த பெட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றச் சொல்லவேண்டும். சாமான் வருமுன் அரைமணி நேரமாவது இயந்திரம் ஓடியிருக்கவேண்டும். கூரைவரை அடுக்கவேண்டாம், சுவரோடு ஒட்டவும் வேண்டாம். சிறிய வெப்பமானி ஒன்றை நடுக்கூடையில் வைத்துவிடுங்கள். இறக்குமிடத்தில் அது காட்டும் இலக்கத்துக்கு எதிராக யாரும் வாதாட முடியாது.

காத்திருப்புக் காசு, நாட்டாமைக் கூலி, வீதி தடைப்பட்டால் திரும்பும் செலவு ஆகியவற்றை யார் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படுவான்கரையில் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் இருப்பதால் ஏற்றுவதைப் பொழுதுபட முன்னர் முடித்துவிடுவது நல்லது.

திரும்பு ஓட்டம் பிடிக்க விரும்புகிறவர்கள் வெல்லாவெளியில் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது. களுவாஞ்சிகுடி, கல்முனைச் சந்தைகளில் கரட், கோவா, போஞ்சி இறக்கிவிட்டு வெறுமனே நிற்கும் வண்டிகளை விடியலில் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று சாரதிகளின் இலக்கத்தை வாங்கி, அவர்கள் எந்த நாட்களில் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ப ஆயும் நாளை மாற்றுங்கள். நம்மிடமுள்ள மிகப் பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது. பட்டிருப்புப் பாலம் தாண்டி வாவியின் மறுகரையான எழுவான்கரைவரை உழவு இயந்திரத்திலோ பட்டா வண்டியிலோ கொண்டுபோய்ச் சேர்த்தால், முழு ஓட்டமாகப் பேசுவதைவிடக் குறைவாக முடியும்.

மழைக்கால வீதி

மாரியில் மண்டூர்–வெல்லாவெளி வீதியில் தண்ணீர் ஏறுவது நமக்குப் புதிதில்லை. மழை வலுக்குமுன் சாமானை எழுவான்கரைப் பக்கம் நகர்த்திவிடுவதே பாதுகாப்பு. தூரத்தையும் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூழ்க, மட்டக்களப்பு–பொலநறுவைப் போக்குவரத்து நின்றுபோனது. லொறி புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேளுங்கள். மழை எச்சரிக்கை உள்ள கிழமையில் அன்றன்று ஆய்ந்ததை மட்டும் அனுப்புங்கள், சேமித்துப் பெரிய பாரமாக அனுப்பாதீர்கள்.

கூட்டாக ஏற்றுங்கள்

தனி ஆளாக இதில் எதையும் முழுமையாகச் செய்ய முடியாது. அரை ஏக்கர் கத்தரிக்காரர் ஒரு கூலர் லொறியை ஒருபோதும் நிரப்பப் போவதில்லை. பாலுக்கு நாம் இதை எப்போதோ செய்துவிட்டோம்: விடியலில் கறந்து, சேகரிப்பு நிலையத்தில் கொடுத்து, குளிர்த்தாங்கியில் சேர்த்து, பவுசரில் போகிறது. ஒரு வீட்டுக்காரர் ஐந்து லீற்றர் கொடுத்தாலும் அது குளிரில்தான் பயணம் செய்கிறது. மரக்கறிக்கும் அதே ஒழுங்குதான் தேவை: ஒரு கிராமத்துக்குக் கிழமையில் இரண்டு குறித்த நாட்கள், ஓர் ஏற்றுமிடம், ஒரே அளவுக் கூடை, ஒவ்வொருவரின் எடையும் பெயரும் எழுதிய கொப்பி. அந்தக் கொப்பியில் திகதி, கூலி, ஏற்றிய எடை, கழிவான எடை, டீசல் விலை ஆகியவற்றையும் குறித்து வந்தால் இரண்டு போகத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு கூலிக் கணிப்பு கையில் இருக்கும். தம்புள்ளையில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 5,000 மெட்ரிக் தொன் குளிர்க்களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே களஞ்சியம் இருந்தும் இங்கிருந்து சூடாகப் போகிற காய்க்கு அதனால் பயனில்லை.

போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி பேசுகிறோம், நீர் திறக்கும் நாள் பேசுகிறோம், மாடு அப்புறப்படுத்தும் நாள் பேசுகிறோம். லொறி பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் கமக்கார அமைப்பின் சார்பில் யாராவது எழுந்து, ஏற்றும் நாளையும் ஏற்றுமிடத்தையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.