சிட்லிங்கி மருத்துவமனை

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதாகும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழச் செய்யும் அரிய நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றும், அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்பது தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்த செய்தி. உயிர் காக்கும் பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளாது பிறர்க்கு வழங்கிய அச் செயல் காலங்கடந்து நின்று நிலவுகின்றது. அதியமானின் பெயரோடு இணைந்த அந்நிலப்பகுதியின் ஒரு மூலையிலே, மலைகளுக்கு நடுவே, 1993 ஆம் ஆண்டில் எழுந்த மருத்துவமனை ஒன்றின் வரலாறும் உயிர் காக்கும் கொடையைப் பற்றியதே ஆகும்.

தருமபுரி மாவட்டத்தின் கிழக்கே, அரூர் வட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே அமைந்தது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் அதனுள் அடங்கும். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். இவர் கேரள நாட்டினர் அல்லர், மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்றவர், தமிழே பேசுபவர். லம்பாடி மக்கள் வாழும் தாண்டாக்களும் அங்கு உள்ளன. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, ஆடுமாடு வளர்த்து, மழையை நம்பி வாழ்வது அவர்களுடைய பழைய வாழ்வு.

காண்பார்க்கு இன்பம் பயக்கும் அம் மலைகளே நோயுற்ற காலத்தில் அம்மக்களுக்குக் கோட்டை மதில்களாக நின்று வழிமறித்தன. மருத்துவமனை உள்ள அரூரோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அறுவை மருத்துவம் வேண்டுமாயின் 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். பேருந்துகளோ அரிய. பேறுகால வேதனை நள்ளிரவில் தொடங்குமாயின், அத்தாயும் அவளைச் சுற்றி நிற்போரும் விடியும்வரை காத்திருப்பதன்றி வேறு வழி அறியார். விடியல் வருமுன் உயிர் போவதும் உண்டு.

அந்நாளில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துள் 147 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அஃதாவது, ஏறத்தாழ ஏழு குழந்தைகளுள் ஒன்று முதற் பிறந்தநாளைக் காணவில்லை. 1993 ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுமைக்கும் எடுத்த கணக்கோ ஆயிரத்துக்கு 74. நாட்டின் பொதுநிலையைப்போல் இருமடங்கு துயரத்தை அச்சிறு பள்ளத்தாக்கு சுமந்து நின்றது. அக் குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தவை யாவை? பெயர் அறியாப் புதுநோய்கள் அல்ல. வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல், பிறக்கும்போதே எடைகுறைதல் போன்றவையே. இவற்றைத் தடுக்கும் வழியை உலகம் முன்னரே அறிந்திருந்தது. அறிந்த வழி மலையைக் கடந்து வரவில்லை என்பதே குறை.

இந்நிலையில் அங்கு வந்தவர் இருவர். மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும். கேரளத்து ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். ஒருவர் அறுவையின்போது மயக்க மருந்து கொடுக்கும் துறையில் வல்லவர். மற்றவர் மகப்பேற்று மருத்துவத்தில் வல்லவர். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், எளிதில் தீர்க்கத்தக்க நோய்களுக்காகவும் ஏழை மக்கள் நெடுந்தொலைவு நடந்தும் ஊர்ந்தும் வருவதைக் கண்டனர். நோயாளர் மருத்துவரைத் தேடி அலைவதினும், மருத்துவர் நோயாளரைத் தேடிச் செல்வது முறையன்றோ என எண்ணினர். நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பார்த்து, இறுதியில் சிட்லிங்கியைத் தேர்ந்தனர்.

நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் அவரிடம் பொருள் இல்லை. ஊர்மக்கள் மண்ணும் கூரையும் கொண்டு ஒரு குடிசை அமைத்துக் கொடுத்தனர். அதன் பரப்பு 100 சதுர அடியே. 100 வாட் மின்விளக்கு ஒன்றும், நோயாளரைக் கிடத்த ஒரு மரப்பலகையும் அங்கு இருந்தன. ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் பெயருடைய அம் மருத்துவ நிலையம் மூன்றாண்டுகள் அக் குடிசையிலேயே இயங்கிற்று. பேறு பார்த்ததும் அங்கேதான். சிறு அறுவைகள் செய்ததும் அங்கேதான்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயுற்றவர் ஒரு கூறு; நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; நோயாளரின் பக்கத்திலிருந்து பேணுபவர் நான்காம் கூறு. இந்நான்காமவரை ‘உழைச்செல்வான்’ எனக் குறித்தார். உழை என்பது பக்கம். இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது. சிட்லிங்கியில் நோயுற்றவர் இருந்தனர், தீர்ப்பவர் வந்தனர், மருந்தும் மெல்ல வந்தது. நான்காம் கூறு ஆகிய உழைச்செல்வார் எங்கிருந்து வருவர்? நகரத்துச் செவிலியர் அந்நாளில் அம்மலைக்கு எளிதில் வந்து தங்குவாரல்லர். இந்த வினாவுக்கு அவ்விருவர் கண்ட விடையே இம் மருத்துவமனையின் வரலாற்றில் தலையாயது.

அவர்கள் அம்மண்ணின் பெண்மக்களையே தேர்ந்து பயிற்றினர். பள்ளிப் படிப்பைச் சில வகுப்புகளோடு நிறுத்திய மலைக்குடிப் பெண்கள் மருத்துவமனைக்கு வந்து, கண்டும் கேட்டும் செய்தும் செவிலியர் தொழிலைக் கற்றனர். காய்ச்சல் அளத்தல், ஊசி இடுதல், பேறு பார்த்தல், ஆய்வுக்கூடத்தில் குருதியைச் சோதித்தல், அறுவைக்கூடத்தில் துணைநிற்றல் என ஒவ்வொன்றாக அவர்தம் கைவயமாயின. இவரேயன்றி, ஊருக்கு ஒருவராக முதிர்ந்த பெண்டிர் சிலரும் பயிற்சி பெற்றனர். ஊரார் மதிப்புப் பெற்ற அம் மூதாட்டியர் தத்தம் ஊரிலேயே இருந்து, கருவுற்ற தாயர்க்கும் குழந்தைகளுக்கும் அறிவுரை கூறி, இடர் கண்டால் மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பினர். பக்கத்தில் இருப்பவரே உழைச்செல்வார் ஆயினர்.

இவர்தம் பணி எளியதுபோல் தோன்றும். ஆயின் அதன் பயன் பெரிது. கருவுற்ற தாயின் குருதியழுத்தம் 140 க்கு 90 என்னும் அளவை எட்டினால், அது வரவிருக்கும் வலிப்புக்கு முன்னறிவிப்பு ஆகலாம். இதனைக் காலத்தே கண்டுகொண்டால் தாயையும் சேயையும் காக்கலாம். இரண்டு திங்கள் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை சளியுற்ற காலத்தில் நிமிடத்திற்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிடுமாயின், அது நுரையீரல் அழற்சியின் அடையாளம். இதனை அறிவதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. கடிகாரமும், எண்ணத் தெரிந்த ஒருவரும் போதும். பிறந்த குழந்தையைக் குளிர் தாக்காவண்ணம் தாயின் மார்போடு அணைத்து வைத்தலும், முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டலும் எத்துணையோ உயிர்களைக் காக்கும்.

வயிற்றுப்போக்கினால் உயிர் பிரிவதற்குக் காரணம், உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றுவதே. 1971 ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் இந்தியாவுக்கு ஏதிலிகளாக வந்தனர். மேற்கு வங்காளத்து எல்லையிலிருந்த முகாம் ஒன்றில் வாந்திபேதி பரவிற்று. நரம்புவழி செலுத்தும் நீர்மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையாலேயே குடிக்கச் செய்தார். முன்பு நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. தூய நீர் ஒரு லிட்டரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் கலந்தால் அந்நீர் ஆயத்தமாகும். அங்கும் உயிர் காத்தவர் உழைச்செல்வாரே. மகாராட்டிர மாநிலத்து ஜாம்கெட்டில் 1970 ஆம் ஆண்டு முதல் ஆரோலே மருத்துவ இணையர் சிற்றூர்ப் பெண்டிரைப் பயிற்றி இத்தகைய பயனைக் கண்டனர். சிட்லிங்கியும் அந்நெறியையே தன் வழியாகக் கொண்டது.

இனி அம் மருத்துவமனையின் வளர்ச்சியைக் காண்போம். 1996 ஆம் ஆண்டில் குடிசை மாறிப் பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடம் எழுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது முப்பத்தைந்து படுக்கைகளாகப் பெருகிற்று. அறுவைக்கூடம், பேற்று அறை, பச்சிளங் குழந்தைகளுக்கான தனியறை, தீவிர மருத்துவப் பிரிவு, பல் மருத்துவப் பிரிவு, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, ஸ்கேன் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இவை அணிகலன்போல் சேர்க்கப்பட்டவை அல்ல; ஒவ்வொன்றும் ஒரு தேவையை நோக்கி வந்தது. குழந்தை குறுக்கே கிடக்கும் பேற்றில் கைத்திறம் மட்டும் உதவாது, அறுவைக்கூடம் வேண்டும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ தீண்டினால், நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலறச் செய்யும்; அப்போது நச்சுமுறி மருந்தோடு, மூச்சு இயங்கச் செய்யும் வென்டிலேட்டர் என்னும் கருவியும் வேண்டும். மலைநிலத்து உழவர்க்கு அக்கருவி அருகில் இருத்தல் உயிருக்கு அரண்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கருவி தானே நோயாளரைத் தேடிச் செல்லாது. கால் வீங்கிய தாயை ஊரில் கண்டு, இன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று சொல்லுபவள் இல்லையாயின், அறுவைக்கூடம் பூட்டியே கிடக்கும். அவ்வாறே, அறுவைக்கூடம் இல்லையாயின் அவள் சொல்லும் பயன்தராது. ஊரில் இருக்கும் கண்ணும் மருத்துவமனையில் இருக்கும் கையும் இணைந்தபோதே சிட்லிங்கியில் உயிர்கள் நிலைத்தன.

அதன் பயன் கணக்கிலே தெரிந்தது. ஆயிரத்துக்கு 147 ஆக இருந்த குழந்தை இறப்பு, இருபது அளவுக்கு இறங்கிற்று. பேறுகாலத்தில் தாய் ஒருத்தியும் இறவாமலே பல ஆண்டுகள் தொடர்ந்து கழிந்தன. அரசு அமைத்த சாலைகளும், தடுப்பூசித் திட்டங்களும், 2008 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 அவசர ஊர்தியும் இம்மாற்றத்தில் பங்குடையன. எனினும், விடியலுக்காகக் காத்திருந்த தாயர்க்கு நள்ளிரவிலும் திறந்திருந்த கதவு அம் மருத்துவமனையின் கதவே.

நோய் தீர்த்தலோடு பணி முடிந்ததாக அம் மருத்துவர்கள் கருதவில்லை. உணவு குறைந்தால் நோய் வரும். வருவாய் குறைந்தால் உணவு குறையும். ஆதலின் இயற்கை எரு இட்டுப் பயிர் செய்யும் உழவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க அவர்கள் துணைநின்றனர். மங்கிப்போகவிருந்த லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலை ‘பொர்கை’ என்னும் பெயரில் மீண்டும் உயிர்பெற்றது. அம்மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். ஊசியும் நூலும் கொண்டு பொருளீட்டிய பெண்கள், தம் முன்னோர் கலையைத் தாமே மதிக்கக் கற்றனர். இன்று நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளைக் காத்த பணியாளர் இனி முதியோரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பேணவேண்டியவர் ஆயினர். ஒரு நோய் ஒழிந்த இடத்தில் மற்றொன்று வருமாதலின், மருத்துவப் பணிக்கு இறுதி நாள் என்பது இல்லை.

நெல்லிக்கனி ஒருவர் உண்ணத் தீர்ந்துபோவது. அறிவோ, பிறர்க்கு ஈந்தால் ஈந்தவரிடத்தும் குறையாது, பெற்றவரிடத்தும் வளர்வது. சிட்லிங்கிக்கு வந்த மருத்துவர் இருவரும் தம் கையால் மட்டும் மருந்து கொடுத்திருப்பாராயின், அவர்தம் இரு கைகளின் அளவே அப்பணி நின்றிருக்கும். தம் கலையை அம்மண்ணின் பெண்களுக்குக் கற்பித்தமையால், அது பல கைகளாகப் பெருகிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மலைக்குடிப் பெண் ஒருத்தி, கடிகாரத்தை நோக்கிக் குழந்தையின் மூச்சை எண்ணி, அதன் உயிரைக் காத்தாள் என்பது பெருமாளிகை எழுப்பினாலும் பெறலரிய பேறு. பள்ளியில் கற்கும் எழுத்தும் எண்ணும் ஒரு நாள் யாருடைய உயிருக்கு உதவும் என்பதை எவரும் முன்னறியார். ஆதலின் அவற்றைச் செம்மையாகக் கற்றல் கடன்.