புளி போட்டுத் துலக்கிய ரூபாய்க்குத் தரச்சான்று எதற்கு?

பாட்டி வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாய் பீரோவில் கிடைத்ததும் இப்போது பலருக்கும் எழும் கேள்வி, 'இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?' என்பதுதான். கிரேடிங் நிறுவனம் காசின் உண்மைத்தன்மையைச் சோதித்து, நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறித்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுத் தரும். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. கிரேடிங்கில் உலகளவில் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986இலும், என்.ஜி.சி. அதற்கு அடுத்த ஆண்டிலும் தொடங்கின. கட்டணம், அஞ்சல் செலவு, காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. காசை அனுப்புமுன் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்பது நல்லது.

'நூறு வருஷப் பழசு, அதனால் அரிது.'

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழையது. ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. '1862' என்று பொறித்த விக்டோரியா ரூபாயைப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டுக் காசு என்று நினைப்போம். ஆனால் 1874 வரை அதே ஆண்டெண்ணோடுதான் அச்சடித்தார்கள். அதனால் அது எங்கும் கிடைக்கும். தேய்ந்த நிலையில் அதன் விலை பெரும்பாலும் வெள்ளியின் விலையை ஒட்டியே இருக்கும். 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதை எந்த நகைக்கடையிலும் நிறுத்துச் சொல்வார்கள். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. நடுவில் ஓட்டை போட்ட 1943–47 காலணா நம் வீடுகளில் டப்பா டப்பாவாக இருந்தது. இப்படிப்பட்ட காசுக்குக் கொடுக்கும் கிரேடிங் கட்டணம் காசின் விலையையே தாண்டிவிடும்.

1911 ரூபாயின் கதை பலருக்குத் தெரியும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்திப் பொறித்தது. கதை பெரியது என்பதால் காசும் அபூர்வம் என்று நினைக்கக்கூடாது. அதற்குள் பல லட்சம் காசுகள் மக்கள் கைக்குப் போய்விட்டன.

'அழுக்கை எடுத்துப் பளபளப்பாக அனுப்பினால் நல்ல தரம் கிடைக்கும்.'

இதைப் போல் காசுகளைக் கெடுத்த நம்பிக்கை வேறில்லை. பூஜையறை வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்பதும், செம்பைப் புளியால் துலக்குவதும் நமக்குப் பழகிய வேலை. குத்துவிளக்குக்கு அது சரி. காசில் அச்சு விழுந்தபோது உலோகம் ஓடிப் படிந்த நுண்ணிய கோடுகள் இருக்கும். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்தால், அந்தக் கோடுகளில் பட்ட ஒளி காசைச் சுற்றி ஓடுவது தெரியும். அதுதான் புத்தம்புதுக் காசின் அடையாளம். ஒருமுறை தேய்த்தாலே அது போய்விடும். அதற்குப் பதில் முடிபோன்ற கீறல்கள் விழும். உயிரில்லாத ஒரு பளபளப்பு வரும். அப்படிப்பட்ட காசுக்கு நிறுவனங்கள் எண் தருவதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துத் திருப்பி அனுப்புகின்றன. கட்டணம் திரும்ப வராது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடம் இருந்தாலும் இதே கதிதான். நாளாக நாளாகத் தானாகப் படியும் கருமையும் நீலச்சாயலும் வெள்ளிக்கு அழகு. அதை விட்டுவிடுங்கள். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் போதும்.

'சான்று கிடைத்தால் விலை பல மடங்கு ஏறும்.'

ஏறும் காசுகளும் உண்டு. அவை இரண்டு வகை: புழக்கத்துக்கே வராத, தேய்மானமற்ற காசுகள், போலி மலிந்ததால் சான்றில்லாமல் யாரும் வாங்கத் துணியாத அரிய காசுகள். 1939 வெள்ளி ரூபாய் இரண்டாம் வகை. 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கியவை சந்தையில் உலவுகின்றன. இங்கே சான்றுக்குச் செலவழிப்பது நியாயம். உங்கள் காசு விக்டோரியா என்றால், காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளும் கிரீடத்தின் மணிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அவை ஒட்டிப்போயிருந்தால் கிரேடிங்கை மறந்துவிடலாம். பிளாஸ்டிக் பெட்டிகளிலும் போலி உண்டு. மற்றவரிடம் வாங்கும்போது பெட்டியிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்தே ஆகவேண்டும்.

'காந்தத்தில் ஒட்டினால் போலி.'

வெள்ளி ரூபாய்க்கு இது சரி. 1947 ரூபாய் நிக்கல், அசலே ஒட்டும்.

'ராமர் தர்பார் காசுக்குக் கோடி கொடுப்பார்கள்.'

கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் 'ஒரு அணா' என்ற மதிப்பும் பொறித்த இந்த வில்லைகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு அணா நாணயம் ஏழாம் எட்வர்ட் காலத்தில்தான் வந்தது. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி இவற்றை வைத்து 'ரைஸ் புல்லிங்' மோசடி நடத்துகிறார்கள். சேமிப்பையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது.

சட்டத்தையும் பார்க்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனிநபர் அதை நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. ஆகவே 1862 ரூபாயை அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்பும் யோசனை தொடக்கத்திலேயே தவறு.

தர எண்ணுக்குள் அடங்காத காசுகளும் உண்டு. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் பொறித்த 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தது ஒரு சிறிய சதுரச் செப்புக்காசில். சங்கப் பாண்டியர் வரலாற்றுக்கு அது சான்றானது அந்த எழுத்தால்தான். இப்படி எழுத்தோ சின்னமோ தெரியும் காசு உழும்போதோ ஆற்றுமணலிலோ கிடைத்தால், சாணையோ அமிலமோ படாமல், கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.